நான்காம் கேள்வி

நூற்றுத் தொண்ணூற்று மூன்று விடைத்தாள்கள்.
ஆறு மணியானால் குளிரூட்டி தானே அடங்கிவிடும் கட்டடம்.
கிளமெண்டிப் பக்கம் மழை இறங்கிக்கொண்டிருந்தது.
கோப்பி ஓ கோசோங் மேசையில் ஆறிப்போயிருந்தது.

நான்காம் கேள்வி எளிது.
சுவரில் சாய்ந்த ஏணி, அதில் ஏறி நிற்கும் ஓர் ஆள்,
தரையில் உராய்வு எவ்வளவு?
ஏணிக்கால் வெளியே வழுக்கப் பார்க்கும்;
உராய்வு அதைச் சுவர்ப் பக்கமாக இழுத்துப் பிடிக்கும்.
அவ்வளவுதான்.

முதல் தாளில் அம்பு திரும்பியிருந்தது.
இரண்டாவதிலும்.
முப்பதாவதில் சிவப்புப் பேனாவை மூடி வைத்தேன்.
இத்தனை பேர் தனித்தனியாக ஒரே தவறைச் செய்ய மாட்டார்கள்.
பார்த்து எழுதினார்களா?
ஆமாம், பார்த்துத்தான் எழுதினார்கள்:
ஐந்தாம் வாரம், பதினேழாம் படவில்லை,
நான் வரைந்த அம்பு.
நீல நிறம் தீட்டி, வழுக்கிக்கொண்டு வந்து நிற்கும்படி
இரவு ஒரு மணிக்கு நானே அலங்கரித்தது.

திரும்பிய அம்பை வைத்துக் கணக்குப் போட்டால்
விடை கழித்தல் குறியோடு வரும்.
'திசை மாறிவிட்டது, பார்' என்று
கணக்கு வாய்திறந்து சொல்லும் ஒரே சொல் அது.
நூற்று எழுபது பேர் அந்தச் சொல்லின் மேல்
வெள்ளை நாடா ஒட்டியிருந்தார்கள்.
துளி பிசிறில்லாமல்.
தொடக்கக்கல்லூரியிலேயே பழகிய கை.

சரியாகப் போட்டவர்கள் ஒன்பது பேர்.
அதில் ஒருத்தி நூர் சுஹைலா.
பத்து விரிவுரையில் மூன்றுக்கு வந்தவள்.
கணினி அவள் பெயரைச் சிவப்பாக்கி எனக்கு அனுப்ப,
நான் அதைப் படிக்காமலே
மாணவர் நலப் பிரிவுக்குத் தள்ளியிருந்தேன்.
தாளின் ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்தாள்:
'சனி ஞாயிறு மாமாவோடு ஏர்கான் சர்வீஸ்.
அவர் ஏறுவார், ஏணிக்காலை மிதித்து நிற்பது நான்.
அது வெளியேதான் போகும், டாக்டர்.'

துறைக் கூட்டத்தில் சொன்னேன்.
சராசரி அறுபத்தெட்டு, வளைவும் அழகாக விழுந்திருக்கிறது,
எதற்குக் கலைப்பானேன் என்றார் பேராசிரியர் பெஹ்.
நல்ல மனிதர்.
பின்னூட்டத்தில் எனக்கு நாலு புள்ளி ஆறு என்றும்
'தெளிவாக விளக்குகிறார்' என்று எண்பது பேர்
எழுதியிருப்பதாகவும் நினைவூட்டினார்.
உண்மைதான். தெளிவாகத்தான் விளக்கினேன்.

செவ்வாய்க்கிழமை வகுப்புக்கு ஓர் ஏணி கேட்டேன்.
மூன்று படிவம், ஓர் அபாய மதிப்பீடு,
கூடவே ஓர் ஆள் நிற்க வேண்டும் என்று நிபந்தனை.
பண்டகசாலைச் சேதுபதி தலைக்கவசத்தோடு
அரங்கின் முன்னால் வந்து நின்றார்.
திரை இருட்டாகவே இருந்தது.

'கால் எந்தப் பக்கம் போகும்?'

மனதுக்குள் எண்ணினேன்.
வழக்கமாக மூன்றில் நானே பதிலைச் சொல்லிவிடுவேன்.
ஏழு. எட்டு.
யாரோ தண்ணீர்ப் புட்டியைத் திருகி மூடும் சத்தம்.
பதினொன்றில் கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல்:
'அவரை ஏறச் சொல்லுங்களேன்.'
'ஏறலாம்னு படிவத்துல இல்லையே' என்றார் சேதுபதி.
சிரித்தார்கள்.
நான்தான் இரண்டாம் படிவரை ஏறினேன், அதுவும் படிவத்தில் இல்லை.
யாரும் சொல்லாமலே அவர்
ஏணிக்கால் அருகே வந்து, வெளிப்பக்கமாக
பூட்ஸை முட்டுக் கொடுத்து நின்றார்.
அரங்கு அந்தக் காலையே பார்த்தது.

அந்த வாரப் பின்னூட்டம் மூன்று புள்ளி ஒன்பது.
'பாடம் முடியவில்லை.' 'படவில்லை எங்கே?'
'ஏணி நல்லா இருந்தது, தேர்வில் வருமா?'

வியாழன் மாலை தியோ கை ஷெங் அறைக்கு வந்தான்.
தாளை நீட்டினான்.
கழித்தலை முதலில் எழுதியிருந்தானாம்,
பயந்துபோய்ப் பிறகுதான் ஒட்டினானாம்.
அரை மதிப்பெண்ணாவது உண்டா?

விளக்கடியில் தாளைப் பிடித்து
நகத்தால் மெல்லச் சுரண்டினேன்.
வெள்ளை உதிர்ந்து மேசையில் விழுந்தது.
இரண்டு பேரும் குனிந்தோம்.

அடியில், கொஞ்சம் மங்கலாக,
இருந்தது.